கொட்டினால் துடைக்கலாம்

கேள்வி: டொக்டர், சித்தாண்டியிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு ஒரு வயதும் ஏழு மாதமும் ஆகிறது. சாப்பாட்டு நேரம் வந்தால் வீடு போர்க்களம்தான். கோப்பையில் சோறு போட்டு வைத்தால் இரண்டு கையாலும் பிசைந்து தலையில் பூசுகிறான். தயிரை நிலத்தில் ஊற்றி விரலால் கோடு கீறுகிறான். சொதிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். பாதிச் சோறு கோழிக்குத்தான் போகிறது.

மாமி, "இப்பவே ஏன் பிள்ளைக்குக் கோப்பையைக் குடுக்கிறாய், தீத்தி விட்டா என்ன?" என்று பேசுகிறா. அவ தீத்தினால் ஒரு பருக்கை சிந்தாது. போனில் பாட்டைப் போட்டுக் கையில் குடுத்துவிட்டு, முற்றத்தில் அவன் ஓடுகிற பக்கமெல்லாம் பின்னால் போய் வாயில் வைத்துவிடுவா. சோறும் முடிந்துவிடும், உடுப்பும் ஊத்தையாகாது.

இன்னொரு பழக்கம், வாய் நிறைய அடைகிறான். இரண்டு கொடுப்பும் உப்பி நிற்கும், விழுங்காமலே அடுத்த பிடியை எடுப்பான். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள்தான். கச்சான், நாவற்பழக் கொட்டை, சில நேரம் மண்ணும். போன கிழமை அப்பப்பாவின் மடியிலிருந்து கச்சானை எடுத்துத் தின்னும்போது புரைக்கேறி முகம் சிவந்துபோயிற்று. மாமி உச்சியில் தட்டி, தண்ணீர் பருக்கினா. பிறகு சரியாகிவிட்டது. ஆனால் அதிலிருந்து விட்டுவிட்டு இருமுகிறான். சளியாக்கும் என்று பாணி மருந்து குடுத்தோம். இந்தப் பிள்ளையை எப்படிச் சாப்பிடப் பழக்குவது? கையில் ஒரு அடி போட்டால் திருந்துவானா?
- ஒரு தாய், சித்தாண்டி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தின் கடைசியில் வரும் கச்சானும் இருமலும்தான் எனக்கு முதலாவது. கடிதத்தில் தொலைபேசி எண் இருந்தபடியால் கிடைத்த அன்றே அழைத்து, பிள்ளையைச் செங்கலடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் "கச்சான் தின்னும்போது புரைக்கேறினது, அதிலிருந்து இருமல்" என்று இதே சொற்களில் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். வாசிக்கும் மற்றவர்களுக்காக அதன் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

புரைக்கேறிய பிள்ளை இருமி, அழுது, பிறகு அமைதியாகிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைப்போம். பெரும்பாலும் அது உண்மையும்தான். ஆனால் சில வேளை கச்சான் துண்டு வெளியே வந்திருக்காது. மூச்சுக்குழாயைத் தாண்டி, நுரையீரலுக்குப் போகும் கிளைக்குழாய் ஒன்றில் போய் இருந்துவிட்டிருக்கும். அங்கே போனதும் இருமல் அடங்கிவிடும். வீட்டில் எல்லோரும் மறந்தும் விடுவார்கள். கச்சானில் உள்ள எண்ணெய் அந்தக் குழாயின் உட்தோலைப் புண்ணாக்கி வீங்கச் செய்யும். சில நாள், சில கிழமை கழித்து ஆறாத இருமல் வரும், ஒரு பக்கத்தில் மட்டும் இழுப்புக் கேட்கும், திரும்பத் திரும்ப நியூமோனியா வரும். எக்ஸ்ரே எடுத்தாலும் கச்சான் அதில் தெரியாது. காசும் ஊசியும் தெரியும், கச்சான் தெரியாது. ஆகவே வைத்தியருக்கு வழிகாட்டுவது தாயின் வாய்ச்சொல்தான். "அன்றைக்குக் கச்சான் தின்னும்போது..." என்ற அந்த ஒரு வசனம் இல்லாவிட்டால் பிள்ளை மாதக்கணக்கில் இழுப்புக்கு மருந்து குடித்துக்கொண்டிருக்கும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மியூட்டர் அருங்காட்சியகம் என்று ஒன்று உண்டு. அங்கே இழுப்பறை இழுப்பறையாக 2,000க்கும் மேற்பட்ட சிறு பொருட்கள் வைத்திருக்கிறார்கள். செவாலியர் ஜாக்சன் என்ற வைத்தியர் நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்து, ஒவ்வொன்றாகக் குறித்து வைத்த பொருட்கள் அவை. ஊக்கு, பொத்தான், காசு, விதை, எலும்பு. குழந்தைகளின் வாய்க்குள் போனவை அவற்றில் ஏராளம். இந்த மனிதரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். நீங்கள் இரண்டு விஷயங்களை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். தலையில் சோறு பூசுவதும் தயிரில் கோடு கீறுவதும் ஊத்தை. வாயடைத்துக்கொண்டு ஓடுவதும் கச்சானும் கொட்டையும் ஆபத்து. நம் வீடுகளில் அதிகம் ஏச்சு வாங்குவது முதலாவது. இரண்டாவதை நாங்களே பக்கத்தில் நின்று நடத்தி வைக்கிறோம். ஊத்தை படக்கூடாது என்பதற்காகப் பிள்ளையை ஓடவிட்டு, போனைக் காட்டி, கவனம் வேறெங்கோ இருக்கும்போது வாயில் சோற்றை வைக்கிறோம். ஓடும் பிள்ளை விழும், சிரிக்கும், திடீரென்று மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாயில் உருண்டை இருந்தால் அது எந்தக் குழாயில் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. மாமியின் முறையில் உடுப்பு சுத்தமாக இருக்கிறது, மூச்சுக்குழாய் பணயத்தில் இருக்கிறது. உங்கள் கோப்பை முறையில் தரை ஊத்தை, பிள்ளை பத்திரம். எனக்குத் தெரிவு செய்யச் சொன்னால் நான் தரையைத் துடைக்கத் தயார்.

ஒன்றரை வயதுப் பிள்ளை பிசைவதும் கொட்டுவதும் குழப்படி அல்ல. நாங்கள் கையால் சாப்பிடுகிற ஆட்கள். சோற்றில் சொதியை எவ்வளவு விட்டால் குழையும், எவ்வளவு அழுத்தினால் பிடி உடையாமல் வாய்க்கு வரும் என்பது விரல் நுனிக்குத்தான் தெரிய வேண்டும். அதைப் படிப்பதற்கு அவனுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. 2013இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 மாதக் குழந்தைகளைச் சாப்பாட்டுக் கதிரையில் இருத்தி, கூழும் களியுமான உணவுகளைக் கொடுத்து, அவற்றின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார்கள். கையை விட்டுப் பிசைந்து, எறிந்து, பூசி விளையாடிய பிள்ளைகள்தான் அந்தப் பெயர்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் மகன் தயிரில் கோடு கீறும்போது "தயிர்" என்று சொல்லிக் கொடுங்கள். சித்தாண்டியில் எருமைத் தயிருக்கா பஞ்சம்?

சொதிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறான் அல்லவா? அதில் இரண்டு சோதனை நடக்கிறது. கவிழ்த்தால் என்ன ஆகும் என்பது ஒன்று, கவிழ்த்தால் அம்மா என்ன செய்வா என்பது மற்றது. நீங்கள் கத்தினாலும் சிரித்தாலும் அவனுக்கு அது பரிசு. நாளைக்கும் கவிழ்ப்பான். அடித்தால், கோப்பைக்கு முன்னால் இருந்தால் அடி விழும் என்று படித்துக்கொள்வான், அவ்வளவுதான். முகத்தில் எதையும் காட்டாமல் "முடிஞ்சுதா மனே?" என்று கேட்டுக் கிண்ணத்தை எடுத்து வையுங்கள். பசி இருந்தால் கை நீட்டுவான், இன்னும் கொஞ்சம் வையுங்கள். இரண்டாம் முறையும் எறிந்தால் அந்த நேரச் சாப்பாடு முடிந்தது. பட்டினி கிடந்துவிடுவானோ என்று பயப்படத் தேவையில்லை, இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அடுத்த சாப்பாடு வந்துவிடும். ஒரு சாப்பாட்டுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும்.

கோப்பையில் வைக்கும் அளவைக் குறைத்தாலே பாதிக் கொட்டல் நின்றுவிடும். பெரியவர்களுக்கு வைப்பதுபோல் குவித்து வைத்தால் அது அவனுக்கு விளையாட்டு மண். இரண்டு பிடி சோறு, ஒரு பக்கம் மசித்த பூசணி, ஒரு துளி தயிர். முடிந்தால் திரும்ப வையுங்கள். வாயடைக்கும் பழக்கத்துக்கும் மருந்து இதுதான். முன்னால் நிறையக் கிடந்தால் நிறைய அடைப்பான். ஒவ்வொரு பிடியாக வைத்து, வாய் வெறுமையான பிறகு அடுத்ததை வையுங்கள். நீங்களும் பக்கத்தில் இருந்து ஒரு வாய் எடுத்து, கொடுப்பை அசைத்து மென்று காட்டுங்கள். இந்த வயதில் சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து காட்டுவது சீக்கிரம் ஏறும். வாய் நிறைந்திருக்கும்போது விரலை விட்டுத் தோண்டாதீர்கள், பயத்தில் உள்ளே இழுத்துவிடுவான். கையை நீட்டித் "துப்பு" என்று சொல்லுங்கள்.

இருக்கை விஷயத்தில் காசு செலவழிக்க வேண்டாம். சுவரில் முதுகு படும்படி பாயில் இருந்தால் போதும். சாய்த்துப் படுக்க வைத்துத் தீத்துவது கூடாது. நேரே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் இருக்க வேண்டும், எழும்பினால் சாப்பாடு நின்றுவிடும் என்று தெரிய வேண்டும். முதல் சில நாள் எழும்பி ஓடுவான். சோறு பின்னால் வராது என்று கண்டதும் திரும்பி வருவான். விறாந்தையில் சட்டையைக் கழற்றிவிட்டு இருத்தினால் பிறகு கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீரோடு வேலை முடியும். கீழே விரிக்கப் பழைய மாப்பை நல்லது. வயல் வேலை நடக்கும் வீடுகளில் உரப்பையைக் கிழித்து விரிப்பதைப் பார்த்திருக்கிறேன், அது மட்டும் வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் பிள்ளை சோறு பொறுக்கித் தின்னும் இடத்தில் அது இருக்கக்கூடாது. கோழி நடக்கும் இடமென்றால் விழுந்ததை எடுத்துத் தின்னவும் விடாதீர்கள். சாப்பிட முன் அவன் கையையும் உங்கள் கையையும் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

பாயில் இருந்து சாப்பிடும் வீட்டில் நான் அதிகம் பயப்படுவது சட்டிகளுக்குத்தான். அடுப்பிலிருந்து இறக்கிய சொதிச் சட்டி, கஞ்சி வடித்த பானை, சுடுதண்ணீர்ப் போத்தல், அப்பப்பாவின் தேத்தண்ணி எல்லாம் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் நிலத்திலேயே இருக்கும். தயிரைக் கவிழ்க்கும் அதே கை சுடுசொதியையும் கவிழ்க்கும். சூடானவை எல்லாம் மேசையில், நடுவில் இருக்கட்டும், மேசைச்சீலை தொங்க வேண்டாம். சுட்டுவிட்டால் ஓடும் பைப்புத் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், பைப்பு இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். பற்பசையும் வெண்ணெயும் பூச வேண்டாம், நேரே வைத்தியசாலைக்கு.

இன்னொரு சாமான், மண்ணெண்ணெய். குசினி மூலையில் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருப்போம். இலங்கையில் நஞ்சு குடித்து வரும் சிறுபிள்ளைகளில் மண்ணெண்ணெய் குடித்தவர்கள் நெடுங்காலமாகவே முன்வரிசையில் இருக்கிறார்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்குச் சோடாப் போத்தல் என்றால் சோடாதான். ஜாக்சன் பற்றிச் சொல்ல இருந்தது இதைத்தான். அவர் காலத்தில் அமெரிக்க வீடுகளில் கழுவப் பாவிக்கும் காரத்தைப் பிள்ளைகள் குடித்து உணவுக்குழாய் வெந்து வருவார்கள். சிகிச்சை செய்து செய்து களைத்த மனிதர், போத்தலில் நஞ்சு என்று எழுதியே விற்க வேண்டும் என்று சட்டம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 1927இல் அந்தச் சட்டம் வந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாத உங்கள் மகனுக்கு அதுவும் உதவாது. மண்ணெண்ணெயும் பூச்சி மருந்தும் குடிபானப் போத்தலில் இருக்கவே கூடாது, பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வயிற்றில் கிடக்கும் மண்ணெண்ணெயைவிட வாந்தியோடு நுரையீரலுக்குள் போகும் மண்ணெண்ணெய் கேடு.

இனி எதைக் கொடுப்பது, எதை விடுவது. அரைக்கும் கடைவாய்ப் பற்கள் முழுதாக வர இரண்டரை வயது தாண்டும். இப்போது அவனிடம் அதிகம் இருப்பது கடிக்கும் பல். கச்சானைக் கடித்து இரண்டாக்குவான், அரைத்து மாவாக்க மாட்டான். கச்சான், கடலை, கஜு முழுதாக நாலைந்து வயது வரை வேண்டாம். றம்புட்டான் காலத்தில் விதை தொண்டையில் இறுகிப் பிள்ளை இறந்த செய்தி இலங்கைப் பத்திரிகைகளில் வராமல் போவதில்லை. வழுக்கும் அந்தப் பழத்தை உரித்து, சதையைச் சீவிக் கொடுங்கள். நாவற்பழமும் பாலைப்பழமும் கொட்டை நீக்கித்தான். திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள், வட்டமாக வெட்டினால் மூடிபோல் அடைக்கும். சொசேஜும் அப்படியே. டொபி, முறுக்கு, சோளப்பொரி வேண்டாம். பிட்டைப் பாலோ சொதியோ விட்டு நனைத்துக் கொடுங்கள், காய்ந்த பிட்டு பெரியவர்களுக்கே விக்கும்.

மீனை மட்டும் விட்டுவிடாதீர்கள். முள்ளுக்குப் பயந்து பிள்ளைக்கு மீனே கொடுக்காத வீடுகள் வாவிக்கரையிலேயே இருப்பது எனக்குப் பெரிய கவலை. சூடை, கீரி போன்ற முள் மிகுந்தவற்றைத் தள்ளிவைத்து, சதைப்பிடிப்பான மீனில் நடுத்துண்டை எடுங்கள். வெளிச்சமான இடத்தில் இருந்து, சதையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டி நசித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத முள்ளும் விரலில் குத்தும். ஒரு தரம் உருட்டியது போதாது, சோற்றில் குழைக்கும்போது இன்னொரு தரம். முள் சிக்கிவிட்டால் சோற்றுருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்க வைத்துத் தள்ளும் வேலை வேண்டாம். அது முள்ளை இன்னும் ஆழத்தில் குத்திவிடும். வைத்தியசாலையில் வாயைத் திறந்து பார்த்து எடுத்துவிடுவார்கள்.

மீண்டும் புரைக்கேறினால் என்ன செய்வது? சத்தமாக இருமுகிறான், அழுகிறான் என்றால் காற்றுப் போய்வருகிறது. முன்னால் குனிய வைத்து இருமவிடுங்கள். இருமலைவிட நல்ல கருவி உங்களிடம் இல்லை. உச்சியில் தட்டுவதால் கெடுதியும் இல்லை, பலனும் இல்லை. தண்ணீர் பருக்குவது கெடுதி. பயப்பட வேண்டியது சத்தம் நின்ற பிள்ளைக்குத்தான். வாய் திறந்திருக்கும், குரல் வராது, உதடு நீலமாகும். அப்போது அவனை உங்கள் தொடையில் முகம் கீழாக, தலை தாழ்வாகக் கிடத்தி, இரு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தரம் பலமாகத் தட்டுங்கள். வரவில்லையென்றால் அவனை நிமிர்த்தி, பின்னால் முழந்தாளிட்டு, கை முட்டியைத் தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில் வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 தரம் அமுக்குங்கள். திரும்ப முதுகு, திரும்ப வயிறு. அதற்குள் இன்னொருவர் 1990ஐ அழைத்துவிட வேண்டும், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வயிற்றை அமுக்கக்கூடாது, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் அமுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் தோண்டவே வேண்டாம். பிள்ளை நினைவிழந்துவிட்டால் நெஞ்சை அமுக்கிச் செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தொடங்க வேண்டும். அதை எழுத்தில் படித்துப் பழக முடியாது. முதலுதவி வகுப்பு எங்கே நடக்கிறது என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வயிற்றை அமுக்கிப் பொருள் வெளியே வந்தாலும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டிவிட வேண்டும்.

மண் தின்பதை ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அது ஒரு வரி அல்ல. இந்த வயதில் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பார்கள், சரி. தேடித் தேடித் தின்றால் இரத்தத்தில் இரும்பு குறைவா என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான்? மாடு நிற்கும் வீடென்றால் போத்தல் போத்தலாகப் போகும். அரை லீற்றருக்கு மேல் பால் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடமும் இருக்காது, இரும்பும் குறையும். சோற்றோடு தேத்தண்ணி கொடுப்பதும் உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ஈரல், இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, கீரை, அதோடு ஒரு பிழி தேசிக்காய். அடுத்த கிளினிக் நாளில் வயிற்றுப் பூச்சிக்கான மருந்து பற்றியும் கேட்டு, குழந்தை சுகாதார விருத்திப் பதிவேட்டில் நிறைக்கோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். முதல் வருடத்தில் பிறந்த நிறை மூன்று மடங்காகும். இரண்டாம் வருடம் முழுவதற்கும் இரண்டு, இரண்டரை கிலோ கூடினால் போதும். அதனால்தான் ஒரு வயதுக்குப் பிறகு "பிள்ளை சாப்பிடுதில்ல" என்று எல்லாத் தாய்மாரும் சொல்கிறீர்கள். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் கோழிக்குப் போன சோற்றைக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

மாமியிடம் இதையெல்லாம் "டொக்டர் சொன்னவர்" என்று எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். அவவின் கையால் தீத்துவது பிள்ளைக்கு நல்லதுதான். ஓடாமல், போன் இல்லாமல், அவன் தன் கோப்பையில் பிசைந்துகொண்டிருக்கும்போதே இடையிடையே அவவும் ஒரு வாய் வைக்கட்டும். மீன் முள் பார்க்கும் வேலையையும் அவவிடமே கொடுங்கள், அந்த விரல்களுக்கு உங்களைவிடப் பழக்கம் கூட. அப்பப்பாவிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள், மடியில் கச்சான் இருக்கும்போது மடியில் பேரன் இருக்கக்கூடாது. உங்கள் ஊர்ச் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவில் கச்சான் வாங்காமல் வீட்டுக்கு வர முடியாதுதான். வாங்குங்கள். தோல் நீக்கி, உரலில் நன்றாக மாவாக இடித்து, கட்டி இல்லாமல் அரித்து, குழைத்த வாழைப்பழத்தில் ஒரு கரண்டி கலந்து பேரனுக்கு, மிச்சம் அப்பப்பாவுக்கு.